எல்லோரும் தலையாட்டினால் உஷார்!

உங்களுக்கு முதல் வேலை கொல்லிமலையில் என்று வைத்துக்கொள்வோம். வேளாண்மையோ சமூகப்பணியோ படித்துவிட்டு, மகளிர் திட்டத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு சிற்றூருக்குப் போய் முதல் கூட்டம் போடுகிறீர்கள். பாயில் பதினைந்து பெண்கள். திட்டத்தை விளக்கிவிட்டு, "என்னம்மா, எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்கிறீர்கள். "நீங்க சொன்னா சரிதாங்க சார்." தீர்மான நோட்டில் பதினைந்து கையெழுத்தும் விழுந்துவிட்டது. சந்தோஷமாக வண்டியைக் கிளப்புகிறீர்கள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், தீர்மானத்தில் எழுதிய எதுவும் நடந்திருக்காது.

கொல்லிமலைக்காரர்களை இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை ஓ.எம்.ஆரில் ஏ.சி. அறைக்குள் நடக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்திலும் இதே கதைதான். அங்கே "ஃபைன், நோ இஷ்யூஸ்" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பேர் கூடி உட்கார்ந்ததும் மூளை ஒரே சமயத்தில் இரண்டு கணக்குப் போடுகிறது. இவர் சொல்வது சரியா என்பது ஒன்று. இந்தக் கூட்டத்தில் என் இடம் என்ன என்பது இன்னொன்று. இரண்டாவது கணக்கு சத்தமில்லாமல் நடக்கும். பல நேரம் அதுதான் ஜெயிக்கும். ஆட்களை வைத்துத்தான் உங்கள் பிழைப்பு என்றால், அந்த இரண்டாவது கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். பதினைந்து பேரின் சுபாவத்தை உங்களால் மாற்ற முடியாது. கூட்டம் நடக்கும் முறையை நாளைக்கே மாற்றலாம்.

ஒத்துப்போவதில் மூளைக்கு என்ன லாபம்?

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். முன்பே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர் கடைசியாகவோ கடைசிக்கு முன்னதாகவோ சொல்ல வேண்டும். தவறு சொல்லப்பட்ட சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள், கண்ணுக்கு நேராகத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போயின. ஒரு தடவைகூட வளையாதவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான்.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். நமக்கு வேண்டியது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, கூட்டத்தோடு போகிறவர்கள் சட்டென்று குறைந்துவிட்டார்கள். விடையை வாய்விட்டுச் சொல்லாமல் காகிதத்தில் தனியாக எழுதச் சொன்னபோதும் அப்படியே குறைந்தார்கள். ஆட்கள் அதே மாதிரி ஆட்கள்தான். பக்கத்தில் ஒரு துணை, அல்லது ஒரு மறைப்பு. இந்த இரண்டையும் ஏற்பாடு செய்துதருவது கூட்டம் நடத்துபவரின் வேலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, ஸ்கேன் கருவிகள் வந்த பிறகு இரண்டு ஆய்வுகள் வழி காட்டின. 2005-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், ஆஷ் செய்ததைப் போன்ற சோதனையை ஸ்கேனருக்குள் ஆளைப் படுக்கவைத்துச் செய்தார்கள். கூட்டத்தின் தவறான விடையோடு போனவர்களுக்கு, உருவங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. கூட்டத்தை எதிர்த்துத் தன் விடையிலேயே நின்றவர்களுக்கு வேலை செய்தது அமிக்டலா, அதாவது ஆபத்து, பயம் போன்றவற்றில் விழித்துக்கொள்ளும் சிறு பகுதி. கூட்டத்துக்கு மாறாகச் சொல்வதற்கு உள்ளுக்குள் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

2009-இல் நெதர்லாந்தில் வாசிலி க்ளுச்சரேவும் சகாக்களும் வேறொன்றைக் காட்டினார்கள். முகப்படங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, மற்றவர்கள் போட்ட மதிப்பெண் இது என்று ஒன்றைக் காட்டுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது, "கணக்குத் தப்பு, அடுத்த தடவை திருத்து" என்று நாம் எதையாவது பழகும்போது மூளையில் எழும் அதே வகைச் சமிக்ஞை எழுந்தது. சமிக்ஞை பலமாக இருந்தவர்கள் பிறகு தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தினார்கள். ஊரோடு ஒத்துப்போகாததை மூளை ஒரு பிழையாகவே பதிவு செய்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூளையின் வண்ணப் படத்தைத் திரையில் போட்டு, "பாருங்கள், இந்த இடம் எரிகிறது, ஆகவே உங்கள் ஊழியர்கள் இப்படித்தான்" என்று பயிற்சி வகுப்பு விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரே பகுதி பத்து வேலைக்கு எரியும். பயத்தில் எழும் அமிக்டலா புதுமையான எதையாவது பார்த்தாலும் எழும். மேலும் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களைச் சுற்றியிருந்தவர்களிடம் செய்தவை. நம் ஊருக்கு அவற்றை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் ஆஷ் சோதனையை 17 நாடுகளில் செய்த 133 ஆய்வுகளை 1996-இல் ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் சேர்த்துப் பார்த்தபோது, கூட்டு வாழ்வுக்கு முதலிடம் தரும் சமூகங்களில் ஒத்துப்போவது அதிகமாகவே இருந்தது. நம்மிடம் இது குறைவாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

புளியங்கொட்டையும் மொச்சையும்

சரி, கூட்டத்துக்கு வருவோம். பாயில் உட்கார்ந்ததும் முதலில் பேசுவது யார் என்று பாருங்கள். குழுவின் ஊக்குநராக இருப்பார், இல்லையென்றால் ஊர்க் கவுண்டர் வீட்டுப் பெண்ணாக இருப்பார். அவர் ஒன்றைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் அந்தக் கூட்டத்தின் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். அந்த வரைபடத்தில் மிகக் கனமான புள்ளி நீங்கள்தான் என்பதையும் மறக்காதீர்கள். கீழேயிருந்து வண்டியில் வந்தவர், கையில் ஃபைல் வைத்திருப்பவர், "சார்" அல்லது "மேடம்". உங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி நேரம் கையெழுத்துக்குத்தான். ஆகவே நீங்கள் கடைசியில் பேசுங்கள். ஊக்குநரிடம் முன்பே தனியாகச் சொல்லி, அவரையும் உங்களுக்கு முந்திய ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, நீங்க முதல்ல சொல்லிட்டா மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேசவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது ஆஷ் அறையின் அமைப்பும்கூட. முதல் மூன்று பேர் "சரி" என்றால் நாலாவது ஆளுக்கு வேறு வழியில்லை. அதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். இரண்டு இரண்டு பேராகப் பேசும்போது சலசலப்பு கிளம்பும். அந்தச் சலசலப்பில்தான் உண்மை இருக்கிறது. பிறகு "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று கேட்டால், கருத்து ஒருவருடையதாக இல்லாமல் இருவருடையதாக வெளியே வரும். துணை கிடைத்துவிட்டது.

மறைப்புக்கு ஒரு வழி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு மொச்சைக்கொட்டையும் கொடுங்கள். புளியங்கொட்டை என்றால் வேண்டும், மொச்சை என்றால் வேண்டாம். கை நுழையும் அளவுக்கு வாய் அகன்ற துணிப்பை ஒன்று சுற்றி வரட்டும். கை மூடியபடி உள்ளே போய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மூடியபடியே வெளியே வர வேண்டும். மீதிக் கொட்டைகளை இன்னொரு பையில் இதே மாதிரி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் மிஞ்சியதைப் பார்த்தே பக்கத்து ஆள் கண்டுபிடித்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் சமமாக வாக்களிப்பார். கொட்டிப் பார்த்தால், "எல்லோருக்கும் சரி" என்ற கூட்டத்தில் ஐந்தாறு மொச்சை கிடக்கக்கூடும்.

அடுத்து நீங்கள் செய்வதில்தான் வேலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். "மொச்சை போட்டது யாரு?" என்று கேட்டீர்களானால் செய்த ஏற்பாடு மொத்தமும் பாழ். "மொச்சை போட்டவங்க மனசுல என்ன இருந்திருக்கும்?" என்று எல்லோரிடமும் கேளுங்கள். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதற்கு மூளையில் தனி வலைப்பின்னலே இருக்கிறது. காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும் ஒரு பகுதி அதில் முக்கியமானது என்று ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் 2003-இல் காட்டினார்கள். அந்தத் திறமையை வேலைக்கு இழுங்கள். "கடன் கட்ட முடியாதோன்னு நினைச்சிருக்கலாம்", "வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டாருன்னு இருக்கலாம்" என்று படர்க்கையில் வரும். சொல்பவர் மொச்சை போட்டவரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.

சாமையும் குச்சிக்கிழங்கும்

கூட்டத்தில் எல்லோரும் வாய் திறந்து பேசினாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1985-இல் கரோல்ட் ஸ்டேசரும் வில்லியம் டைட்டஸும் கண்டது இது: ஒரு குழுவில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பற்றியே பேச்சு சுற்றிச் சுற்றி வரும். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேடைக்கே வராமல் போய்விடும். எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் ஒருவரும் ஆட்டமாட்டார்கள். மூளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கொல்லிமலையின் பயிர்க்கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு காலத்தில் இந்த மலையின் சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. சாமையில் மட்டும் வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று பல வகைகள். பின்னால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏறி வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும்; ஏவாரி ரொக்கம் கொடுப்பார். மேட்டு நிலத்துச் சாமை ஒதுங்கியது. "சாமையா, கிழங்கா?" என்று ஒரு ஊரில் கூட்டம் போட்டால் என்ன பேசப்படும்? கிழங்கு விலை பேசப்படும். அது எல்லோருக்கும் தெரிந்த எண்.

தெரியாதவை பல. சாமை விளைவதில் அவ்வளவு பாடு இல்லை; உமி நீக்கும்போதுதான் இடுப்பு ஒடியும். மணி கடுகைவிடச் சற்றுப் பெரியது, உமியோ வழவழவென்று ஒட்டிக்கிடக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். அந்தப் பாடு பெண்களுக்குத் தெரியும். நல்ல விதை எந்த வீட்டுத் தொம்பையில் இருக்கிறது என்று கிழவிக்குத் தெரியும். சாமை அரிசி நகரத்துக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று நாமக்கல்லில் கல்லூரிக்குப் போகும் பையனுக்குத் தெரியும். மூன்றும் மூன்று தலையில். ஒரே பாயில் கொட்டப்படாத வரை கிழங்குதான் ஜெயிக்கும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே தொடங்கிய வேலையில் பிடித்த நூல்முனைகள் இந்த மூன்றும்தான். விதையைக் காப்பாற்றுங்கள் என்ற உபதேசத்தோடு நிற்கவில்லை. சிறுதானியம் உமி நீக்கும் இயந்திரங்கள் சுயஉதவிக் குழுக்களின் கைக்கு வந்தன. விதை வங்கிகள் வந்தன. சாமை அரிசி, மாவு வகைகள் என்று பொட்டலம் போட்டு விற்பது வந்தது. கியோம் க்ருயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கொல்லிமலைக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. மதிப்பிழந்த பயிரைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூட்டுமுயற்சி இல்லாமல் முடியாது. ஆனால் கூட்டுமுயற்சி மட்டும் போதாது, சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் ஒத்திசைந்து செயல்பட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். என் கணிப்பில், உமி நீக்கும் பாடு என்பது வேளாண் பிரச்சினையாகக் கூட்டத்தில் ஏறியதுதான் திருப்பம். அதுவரை அது "பொம்பளைங்க வேலை" என்று பேச்சிலேயே சேராத கணக்கு.

இதை நீங்கள் செய்யும் விதம் எளிது. கேள்வியை மாற்றுங்கள். "உங்க கருத்து என்ன?" என்று கேட்டால் கருத்துத்தான் வரும், அதுவும் பக்கத்து ஆளுடைய கருத்து. "இதுல உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?" என்று கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவைத்து, "இவங்ககிட்ட ஒரு விஷயம் இருக்கு" என்று மேடை கொடுங்கள். அலுவலகத்தில் இது இன்னும் சுலபம்: கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதி அனுப்பட்டும், எல்லா வரிகளையும் பெயர் போடாமல் முதலில் வாசியுங்கள். மேனேஜர் அதற்குப் பிறகு வாய் திறக்கட்டும்.

அனிதா வூலியும் சகாக்களும் 2010-இல் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். குழுவின் திறமைக்கும் உறுப்பினர்களின் தனித்தனி அறிவுக்கூர்மைக்கும் தொடர்பு பலமாக இல்லை. பேச்சு ஒருவர் இருவரிடம் மாட்டிக்கொள்ளாமல் பரவலாக நடந்த குழுக்களும், அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும் முன்னால் நின்றன. குழுவில் பெண்கள் கூடக்கூடத் திறமை கூடியதும் தெரிந்தது. அதற்குப் பெரும் காரணம் அந்த முகம் படிக்கும் திறமைதான் என்றார்கள். மகளிர் குழுக்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

எந்த நாடு?

கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயரே நாடு என்று முடியும்: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு, சேலூர்நாடு என்று மொத்தம் 14. உட்பிரிவு, உறவுமுறை, கோயில் மரியாதை எல்லாம் இதற்குள் பின்னியவை. பல நாட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினால், முதல் நாள் உட்காரும் இடத்திலேயே கோடு விழுந்துவிடும்.

கோடு போட மூளைக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. 1971-இல் ஹென்றி டாஜ்ஃபெல், பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்ற பேரில் இரண்டாகப் பிரித்தார். அவ்வளவுதான் பிரிவு, தன் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசு பங்கிடச் சொன்னதும் தன் பக்கத்துக்கு அதிகம் கொடுத்தார்கள். இதன் மறுபக்கம்தான் நமக்கு உதவி. ஜே வான் பேவெல் குழுவினர் 2008-இல் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த இரண்டு கற்பனை அணிகளை உருவாக்கி, ஒரு அணியில் உங்களுக்கும் இடம் என்றார்கள். சில நிமிடப் பழக்கம்தான். ஸ்கேனரில் அமிக்டலா உட்படப் பல பகுதிகள் தோல் நிறத்தை விட்டுவிட்டு, "என் அணி" முகங்களுக்கு எழுந்தன. பழைய கோட்டை அழிக்க வேண்டியதில்லை. வேலைக்கு மட்டும் ஒரு புதிய கோடு போதும்.

ஆகவே பயிற்சி வகுப்பில் நாடுவாரியாக உட்காரவிடாதீர்கள். மிளகு தரம்பிரிக்கும் அணி, பொட்டலம் போடும் அணி, கணக்கு அணி என்று கலந்து போட்டு, அன்றைக்கே முடியக்கூடிய ஒரு நிஜ வேலையைக் கொடுங்கள். "நாமெல்லாம் ஒண்ணு" என்று மைக்கில் சொல்வதால் ஒன்றும் நடக்காது. ஒரு மூட்டை மிளகைச் சேர்ந்து சலித்து முடித்தால் கொஞ்சம் நடக்கும். இன்னொன்று: ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, அந்த நாட்களிலும் சோளக்காட்டுச் சந்தை நாளிலும் கூட்டம் போட்டுவிட்டு, யாரும் வரவில்லையே என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

பொதுச் சொத்து என்றால் வேறொரு கணக்கு

உமி நீக்கும் இயந்திரம் குழுவுக்குச் சொந்தம் என்றதும் புதுத் தலைவலி ஆரம்பம். யார் முறை? யார் கூட்டித் துடைப்பது? மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுப்பதை அளந்து 1913-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தந்தது, தனியாக இழுத்தால் தரும் பலத்தில் பாதி அளவுதான். ஒருங்கிணைப்புக் கோளாறு கொஞ்சம், "நாம இழுக்காட்டி என்ன" என்பது கொஞ்சம். சுயஉதவிக் குழுவை 20 பேருக்குள் நிறுத்தியதில் இந்த நன்மையும் உண்டு. ஒவ்வொருவர் செய்ததும் மற்றவர் கண்ணில் படும் அளவு அது.

ஓசியில் போகிறவரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு எரிவது வெறும் பொறாமை இல்லை. சூரிச்சில் 2004-இல் டொமினிக் டி க்வெர்வேன் குழு நடத்திய ஆய்வில், ஏமாற்றியவரைத் தண்டிக்கும்போது மூளையின் பரிசு உணர்வுப் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. தன் காசைச் செலவழித்தாவது தண்டிக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். இந்த எரிச்சலுக்கு முறையான வடிகால் வைக்காவிட்டால் அது வம்பாக, வீட்டுச் சண்டையாக, குழு உடைவதாக வெளியேறும். வடிகால் என்பது சின்ன அபராதம். குழுவே எழுதிக்கொண்டது, எல்லோருக்கும் ஒன்று, முதல் தடவை மிகக் குறைவு, அடுத்த தடவை கொஞ்சம் கூட. பொதுச் சொத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிய ஊர்களை உலகம் முழுக்க ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு வாங்கிய எலினார் ஆஸ்ட்ரமும் படிப்படியான தண்டனையை வலியுறுத்தியிருக்கிறார். அபராத நோட்டில் முதல் பெயர் ஊக்குநருடையதாக இருந்துவிட்டால் அந்தக் குழு பல வருஷம் ஓடும் என்பது என் கட்சி.

விலக்கிவைப்பதை மட்டும் தண்டனையாக்காதீர்கள். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் ஆய்வில், கணினியில் பந்து எறியும் விளையாட்டில் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நம்பியவர்களின் மூளையில், உடல் வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி வேலை செய்தது. இரண்டும் ஒரே வலி என்று சொல்லிவிட முடியாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனால் சில நிமிட விளையாட்டுக்கே இவ்வளவு என்றால், ஒரே ஊரில் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியவர்களுக்கு என்ன ஆகும்? அலுவலக வாட்ஸ்அப் குழுவில் புதியவரைச் சேர்க்க ஒரு வாரம் தாமதிப்பவர்களும் இதை யோசிக்கலாம்.

இதையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

மூளையும் சமூக நடத்தையும் சேரும் இடத்தில் படிக்க விரும்பினால் பெங்களூரு நிம்ஹான்ஸ், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதிறன் அறிவியல் மையம், ஐ.ஐ.டி. காந்திநகரின் அறிதிறன் அறிவியல் படிப்பு, ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவற்றைப் பாருங்கள். உளவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. கணிதம், பொறியியல், உயிரியல் படித்தவர்களும் இந்தத் துறைக்கு வருகிறார்கள். சேர்க்கை விதிகள் ஒவ்வொன்றிலும் வேறு, ஆண்டுதோறும் மாறும். அந்தந்த இணையதளத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

களத்திலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், சான்றிதழைவிட ஒரு நோட்டு பெரிது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: முதலில் பேசியது ஊக்குநரா உறுப்பினரா, ஒரு தடவையும் பேசாதவர்கள் எத்தனை பேர், மறைவு வாக்கில் "வேண்டாம்" எத்தனை, போன தீர்மானத்தில் நடந்தது எத்தனை. ஆறு மாதம் எழுதினால் எந்தக் குழு வளர்கிறது, எது கையெழுத்தில் மட்டும் வாழ்கிறது என்று எண்ணிக்கையாகவே தெரியும். பெயர்களை எழுதாதீர்கள், அந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை அன்றோடு போயிற்று.

நேர்முகத் தேர்வில் "உங்கள் தலைமைப் பண்பைச் சொல்லுங்கள்" என்பார்கள். எல்லோரும் விழா நடத்தியதைச் சொல்வார்கள். நீங்கள், எல்லோரும் சரி என்று சொன்ன ஒரு தீர்மானத்தைக் கொட்டை போட்டுப் பார்த்து நிறுத்தியதையும், மொச்சையின் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்திய தீர்மானம் பிறகு நடந்ததையும், இத்தனை பேர், இத்தனை மாதம் என்று எண்களோடு சொல்லுங்கள். கேட்பவர் களம் தெரிந்தவராக இருந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த ஊக்குநரை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்பார். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.